இரு முனைகளை இணைக்கும் வானலைப் பாதை: நம்பகத்தன்மையைச் சோதிக்கும் முறை

மும்பை நகரின் சயான் பகுதியில் சிறு குன்றொன்றின் மீது ஒரு பழைய கோட்டை இருக்கிறது. 1669-க்கும் 1677-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதனைக் கட்டினர். அக்காலத்தில் கம்பெனியின் ஆட்சிக்குட்பட்ட தீவு இங்கே முடிந்தது; கழிமுகத்திற்கு அப்பால் போர்த்துகீசியரின் ஆட்சி நடந்தது. சீவ் என்னும் மராத்திப் பெயருக்கே எல்லை என்பதுதான் பொருள். கோட்டைக் காவலரின் பயன் அவருடைய பார்வை எட்டும் தொலைவைப் பொறுத்திருந்தது. மழையும் மூடுபனியும் பார்வையை மறைத்த பொழுதுகளில் கோட்டை இருந்தும் பயனில்லை.

இன்று உயரமான இடங்களை நாடுபவர்கள் வானலைப் பொறியாளர்கள். தகவல் தொடர்புக்குப் பயன்படும் நுண்ணலைகள் பெரும்பாலும் பார்வைக் கோட்டிலேயே செல்வதால், உயரமும் தடையற்ற வெளியும் அவர்களுக்கு இன்றியமையாதவை. ஆயினும் காவலரின் பழைய சிக்கல் அவர்களையும் விட்டபாடில்லை. நல்ல நாளில் தெளிவாகத் தெரியும் பாதை, தேவை மிகுந்த நாளில் மறைந்துவிடக்கூடும். ஓர் இணைப்பு நம்பத்தக்கதுதானா என்பதை அத்தகைய நாள் வருவதற்கு முன்னரே அறிந்துகொள்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டை மேற்கொள்வோம். சயானில் ஓர் அலுவலகமும், தாணே கழிமுகத்திற்குக் கிழக்கே வாஷியில் மற்றோர் அலுவலகமும் இருப்பதாகக் கொள்வோம். இடைத்தொலைவு சுமார் 14 கிலோமீட்டர். சாலையைத் தோண்டும்போது நிலத்தடிக் கம்பி அறுபடக்கூடும் என்பதால், இரு கட்டடங்களின் மாடிகளிலும் ஆன்டெனாக்களை நிறுவி ஒரு வானலை இணைப்பு அமைக்கப்படுகிறது. நிறுவிய நாளன்று இரு முனைகளுக்கும் இடையே தகவல் தங்குதடையின்றிச் செல்கிறது. அதிகாரி அதனைக் கண்டு கையொப்பமிடுகிறார், பணமும் வழங்கப்படுகிறது. முதல் பருவமழையிலேயே புகார்கள் எழுகின்றன. அன்று நடந்த சோதனை பொய்யன்று. ஆனால் அது ஒரு மணி நேரத்திற்கு மட்டுமே சான்றாக அமைந்தது.

நூற்றுக்கு எத்தனை?

ஓர் ஆண்டில் எத்தனை நேரம் இணைப்புப் பயன்படும் நிலையில் இருக்கிறது என்பதை நூற்று விகிதத்தில் குறிப்பது வழக்கம். 99 விழுக்காடு என்பது கேட்பதற்கு நிறைவாகத் தோன்றும். ஆனால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்ற கணக்கில், எஞ்சிய ஒரு விழுக்காடு 87.6 மணி நேரமாகும். அதாவது மூன்றரை நாட்களுக்கும் மேல். 99.9 விழுக்காடு எனில் தடை ஆண்டுக்குச் சுமார் எட்டே முக்கால் மணி நேரம். 99.99 விழுக்காடு எனில் சுமார் 53 நிமிடங்கள்.

இந்த எண்களும் முழுச் செய்தியைச் சொல்வதில்லை. எட்டே முக்கால் மணி நேரத் தடை, ஆண்டு முழுவதும் சில நொடிகளாகச் சிதறி வந்தால் எவரும் அதனை உணரமாட்டார். அதே தடை வெள்ளம் சூழ்ந்த ஒரே நாளில் தொடர்ந்து நேர்ந்தால், இணைப்பு எந்த நோக்கத்திற்காக அமைக்கப்பட்டதோ அந்த நோக்கமே தோற்றுவிடும். எனவே மொத்தத் தடை நேரத்துடன், ஒரே மூச்சில் நீண்ட தடை எவ்வளவு, அது எப்போது நேர்ந்தது என்பவற்றையும் பதிவு செய்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட சோதனை

நம்பகத்தன்மையை அளந்தறியும் சிந்தனை புதிதன்று. பிரிட்டனைப் பிற நாடுகளுடன் கம்பியில்லாத் தந்தியால் இணைப்பதற்கு மார்க்கோனி நிறுவனத்துடன் 1924-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. இந்தியாவுக்கான இணைப்பில் புனேக்கு அருகிலுள்ள கட்கியில் செலுத்து நிலையமும், தௌண்டில் ஏற்பு நிலையமும் அமைந்தன. செய்திகளைக் கையாண்ட அலுவலகம் அன்றைய பம்பாயில் இருந்தது. 1927-இல் இந்த இணைப்பு பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது.

சமிக்ஞை கேட்டாலே போதும் என்று அந்த ஒப்பந்தம் கூறவில்லை. நிமிடத்திற்கு 100 சொற்கள் வீதம், திரும்ப அனுப்பியவற்றைக் கணக்கில் சேர்க்காமல், நாளொன்றுக்குச் சராசரியாக இத்தனை மணி நேரம் செய்தி செல்ல வேண்டும் என்று அது வரையறுத்தது. கனடாவுக்கு 18 மணி, இந்தியாவுக்கு 12 மணி, தென்னாப்பிரிக்காவுக்கு 11 மணி, ஆஸ்திரேலியாவுக்கு 7 மணி என இந்த அளவு இடத்துக்கு இடம் வேறுபட்டது. முதலில் முடிக்கப்பட்ட கனடா இணைப்பு, 1926 அக்டோபரில் ஏழு நாள் தொடர்ச் சோதனையில் தேறிய பின்னரே சேவைக்கு வந்தது.

இதில் அடங்கியுள்ள மூன்று கருத்துகள் இன்றைக்கும் பொருந்துவன. அளவு எண்ணால் குறிக்கப்பட்டது. சோதனை பல நாட்கள் இடையறாது நடந்தது. ஒவ்வொரு பாதையின் இயல்பையும் ஒட்டியே எதிர்பார்ப்பு வகுக்கப்பட்டது.

முதற்படி: பாதையைக் கணக்கிடுதல்

கருவிகளை வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனையைத் தாளில் நடத்திவிடலாம். நமது எடுத்துக்காட்டில் 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-இல் உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது. 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் அத்தகைய அனுமதி 2018-இல் விரிவாக்கப்பட்டது. ஆன்டெனாவின் குவிப்புத் திறனையும் சேர்த்து 4 வாட் அளவுக்குச் சமமான ஆற்றலை ஒரு திசையில் செலுத்தலாம். டெசிபல் கணக்கில் இது ஒரு மில்லிவாட்டுக்கு மேல் 36 ஆகும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்தும் பத்து மடங்கைக் குறிக்கும் என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

14 கிலோமீட்டர் வெளியைக் கடக்கையில் அலை பரந்து விரிவதால் ஏற்படும் இழப்பு சுமார் 131 டெசிபல். ஏற்கும் ஆன்டெனா 24 டெசிபல் அளவுக்கு அலைகளைக் குவித்துத் தருமாயின், ஏற்பியை வந்தடைவது 36 கழித்தல் 131 கூட்டல் 24, அதாவது ஒரு மில்லிவாட்டுக்கு 71 டெசிபல் கீழ். இது மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் ஏற்பி 88 டெசிபல் கீழ் வரை உணரக்கூடியதெனில், 17 டெசிபல் மிச்சமிருக்கிறது. இந்த மிச்சமே இணைப்பின் சேமிப்பு நிதி. மழை, காற்றில் திசை பிறழ்ந்த ஆன்டெனா, நீர் புகுந்த இணைப்பு முனை ஆகிய யாவும் இந்த நிதியிலிருந்தே செலவாகின்றன. நிறுவிய நாளன்று அளந்த சமிக்ஞை, கணக்கிட்ட அளவைவிட மிகக் குறைவாக இருப்பின், பாதையில் எங்கோ தடை உள்ளது அல்லது ஆன்டெனா சரியாகத் திருப்பப்படவில்லை என்று உணர வேண்டும்.

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. பார்வைக் கோட்டைச் சுற்றி நீள்வட்ட வடிவிலான ஒரு பகுதியும் பெருமளவு தடையின்றி இருக்க வேண்டும். இப்பகுதிக்குப் பிரான்சு நாட்டு அறிஞர் ஃபிரெனலின் பெயர் இடப்பட்டுள்ளது. நமது பாதையின் நடுவில் அதன் ஆரம் சுமார் 13 மீட்டர்; அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது 8 மீட்டர் அளவாவது, வெற்றிடமாக இருத்தல் நலம். நிலக்கோளத்தின் வளைவுக்காக மேலும் 3 மீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். செம்பூர், கோவண்டி, மான்குர்த் பகுதிகளின் மேலாகச் செல்லும் இப்பாதையில் நாளை ஒரு புதிய அடுக்குமாடி எழும்பலாம். எனவே பாதையை ஆண்டுதோறும் நேரில் பார்வையிடுவதும் சோதனையின் ஒரு பகுதியே ஆகும்.

இரண்டாம் படி: பொட்டலங்களை எண்ணுதல்

இக்கால இணைப்புகளில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பப்படுகிறது. ஒரு முனையிலிருந்து வரிசை எண்ணிட்ட பொட்டலங்களை அனுப்பி, மறுமுனையில் எத்தனை வந்தன, எத்தனை தவறின, எவ்வளவு தாமதமாக வந்தன என்று எண்ணுவதே அடிப்படைச் சோதனை.

எத்தனை பொட்டலங்களை அனுப்பினால் போதும்? புள்ளியியல் இதற்கு எளிய விதியொன்றைத் தருகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பின்றி இழப்பு நேர்வதாகக் கொண்டால், அனுப்பியவற்றுள் ஒன்றுகூடத் தவறாத நிலையிலும், உண்மையான இழப்பு விகிதம் மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்து வரும் அளவு வரை இருக்கக்கூடும். 100 பொட்டலங்களும் வந்து சேர்ந்தன எனில், இழப்பு நூற்றுக்கு மூன்றைத் தாண்டாது என்று மட்டுமே 95 விழுக்காடு உறுதியுடன் கூறலாம். ஆயிரத்துக்கு ஒன்றைத் தாண்டாது என்று கூற 3,000 பொட்டலங்கள் ஒன்றும் குறையாமல் சேர வேண்டும்.

நடைமுறையில் இழப்புகள் கூட்டமாகவே வருகின்றன. நொடிக்கு ஒரு பொட்டலம் வீதம் ஒரு வாரம் அனுப்பினால் 6,04,800 பொட்டலங்களாகும். அவற்றுள் 600 தவறின என்று மட்டும் அறிவிப்பது போதாது. அவை வாரம் முழுவதும் சிதறித் தவறினவா அல்லது ஒரே பத்து நிமிடத்தில் தவறினவா என்பதை நேரக் குறிப்பே காட்டும். முன்னதற்குக் காரணம் குறுக்கீடாக இருக்கலாம். பின்னதற்கு மின்தடை காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

சோதனையை இரு திசைகளிலும் தனித்தனியே நடத்த வேண்டும். சயானில் உள்ள ஏற்பியைச் சூழ்ந்த இரைச்சல் வாஷியில் இராது. ஆதலால் ஒரு திசை நன்றாகவும் மறுதிசை மோசமாகவும் இருப்பது இயல்பு. மேலும், இணைப்பு வெறுமையாக இருக்கும்போது மட்டுமன்றி, முழுச் சுமை ஏற்றிய நிலையிலும் இழப்பையும் தாமதத்தையும் அளக்க வேண்டும். காலி வண்டி மேடேறுவது பார வண்டிக்குச் சான்றாகாது.

தேனி தந்த பாடம்

சமிக்ஞை வலுவாக இருந்தும் இணைப்பு தளர்வது ஏன் என்பதைத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு முயற்சி தெளிவாக்கியது. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்கள் அமைக்கப்பட்டன. மையத்துக்கு வரும் நோயாளியைத் தேனியில் உள்ள மருத்துவர் காணொளி வழியே கண்டு பேச வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் மருத்துவமனையுடன் சேர்ந்து, மலிவான வைஃபை கருவிகளையும் திசை ஆன்டெனாக்களையும் கொண்டு 1 முதல் 15 கிலோமீட்டர் வரை நீளும் இணைப்புகளை அமைத்தனர்.

வைஃபை முறை ஒரு கட்டடத்துக்குள் பயன்படுவதற்கென வகுக்கப்பட்டது. அதில் ஒரு பொட்டலத்தை அனுப்பியவர், அது கிடைத்தது என்ற ஒப்புகைக்காக மிகச் சிறிது நேரமே காத்திருப்பார். வானலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க 3.3 மைக்ரோநொடி ஆகிறது. 14 கிலோமீட்டர் போய்வரச் சுமார் 93 மைக்ரோநொடி. ஒப்புகை வருவதற்குள் காத்திருக்கும் நேரம் முடிந்துவிடுவதால், பொட்டலம் சேர்ந்தும் சேரவில்லை என்றெண்ணி அனுப்புநர் அதனை மீண்டும் அனுப்புகிறார். தொலைவு காரணமாக ஒரு முனை பேசுவதை மறுமுனை உடனே அறியாததால், இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதலும் நிகழ்கிறது. ஆய்வாளர்கள் இந்த முறையை மாற்றி, இரு முனைகளும் கால வரிசைப்படி முறை வைத்துப் பேசவும், பல பொட்டலங்களுக்கு ஒரே ஒப்புகை தரவும் ஏற்பாடு செய்தனர். இதனால் தகவல் செல்லும் அளவு 2 முதல் 5 மடங்கு வரை உயர்ந்ததாக 2007-இல் அறிவித்தனர்.

அடுத்து அவர்கள் கண்டது இன்னும் முக்கியமானது. ஆண்டுக்கணக்கில் இணைப்புகளைக் கவனித்தபோது, தடைகளின் பெரும்பகுதிக்கு வானலை காரணமாகவே இல்லை. தரம் குறைந்த மின்சாரமே காரணமாக இருந்தது. 1,000 வோல்ட் வரை எழும் திடீர் மின்தாவல்களும், 70 வோல்ட்டுக்கும் கீழே சரியும் மின்னழுத்தமும் பதிவாயின. கருவிகள் பழுதடைந்தன, பாதி மின்சாரத்தில் இயங்க முயன்று செயலற்று நின்றன. இணைப்பைச் சோதிப்பவர் ஆன்டெனாவை மட்டும் பார்த்து, மின்செருகியைப் பாராமல் திரும்பக்கூடாது என்பதே இதன் பாடம்.

தேனியிலிருந்து சயானுக்கு

தேனியில் தேறிய கருவி சயானிலும் அவ்வாறே இயங்கும் என்று கொள்ளலாமா? இயலாது. நீண்ட தொலைவு வைஃபை இணைப்புகளில் பொட்டலங்கள் தவறுவதற்கான காரணங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அதே அலைவரிசையில் இயங்கும் பிற வைஃபை கருவிகளின் குறுக்கீடே முதன்மைக் காரணம் எனக் கண்டது. கிராமப்புற இணைப்புகளில் இழப்பு குறைவு. நகர்ப்புற இணைப்புகளில் அது மிகுதியாகவும் நேரத்துக்கு நேரம் மாறுவதாகவும் இருந்தது.

சயானையும் அதனையடுத்த தாராவியையும் மாதுங்காவையும் போல வீடுகளும் பட்டறைகளும் கடைகளும் நெருங்கிய இடங்கள் நாட்டில் மிகச் சிலவே. உரிமம் தேவைப்படாத அலைவரிசை யாவருக்கும் பொது; அங்கு பிறருடைய குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்புக் கோர இயலாது. விடியற்காலை நான்கு மணிக்குச் சோதித்த இணைப்பு இரவு ஒன்பது மணிக்கு வேறோர் இணைப்பாகவே நடந்துகொள்ளும். ஆகவே நகரத்தில் சோதனை குறைந்தது ஒரு முழு வாரமாவது, இரவும் பகலும், வேலை நாளும் விடுமுறையும் அடங்க நடைபெற வேண்டும். குறுக்கீடு பொறுக்க முடியாத அளவில் இருப்பின், உரிமம் பெற்ற அலைவரிசைக்கு மாறுவதே வழி.

கழிமுகமும் ஒரு புதிய சிக்கலைத் தருகிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலை, நேராக வரும் அலையுடன் கலந்து சில வேளைகளில் அதனைக் குலைத்துவிடும். ஓதம் ஏறி இறங்க, தெறிக்கும் கோணமும் மாறும். கடல் நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்கும் மும்பையில், சமிக்ஞையின் ஏற்றத்தாழ்வைக் கடல் ஓத அட்டவணையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

மழை நாளின் தேர்வு

பருவமழையே மும்பையில் இறுதித் தேர்வு. 2005 ஜூலை 26 அன்று தொடங்கிய மழையில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையம் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டரைப் பதிவு செய்தது. இரயில்கள் நின்றன, பல பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டது, தொலைபேசி, கைப்பேசித் தொடர்புகள் பரவலாகப் பாதிக்கப்பட்டன. வீட்டாருக்கு ஒரு சொல் அனுப்ப வழியின்றிப் பல்லாயிரவர் வழியில் சிக்கிக்கொண்டனர்.

மழைத்துளிகள் அலையை நேரடியாகத் தடுப்பது அலைவரிசையைப் பொறுத்தது. மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதம் பெய்யும் கனமழையில், 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு ஒரு டெசிபல் அளவே இழக்கும். அத்தகைய கனமழை 14 கிலோமீட்டர் முழுவதும் ஒரே வேகத்தில் பெய்வது அரிதாதலால், 17 டெசிபல் சேமிப்பு அதனைத் தாங்கிவிடும். 23 ஜிகாஹெர்ட்ஸ் அலையோ அதே மழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபலை இழக்கிறது. இரண்டே கிலோமீட்டரில் 28 டெசிபல். எனவே உயர் அலைவரிசை இணைப்புகள் குறுகிய தொலைவுக்கே ஏற்றவை.

ஆனால் கனமழை நாளில் இணைப்பைப் பெரும்பாலும் வீழ்த்துவது துளிகள் அல்ல. மின்சாரம் நின்று மின்கலம் தீர்ந்துபோவதும், கீழ்த்தளத்தில் வைத்த கருவி நீரில் மூழ்குவதும், மாடிக்குச் சென்று பழுது நீக்க ஆள் வர இயலாததுமே. எனவே முதன்மை மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்து, மின்கலத்தில் இணைப்பு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது, எளிதாயினும் பெரும்பாலும் விட்டுவிடப்படும் ஒரு சோதனை.

அதிகாரிகள் செய்யத்தக்கவை

ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே சோதனை முறையையும் எழுதிவிட வேண்டும். ஆண்டுக்கு அனுமதிக்கத்தக்க தடை நேரம், ஒரே மூச்சில் நீளக்கூடிய தடை, இரு திசைகளிலும் குறைந்தபட்சத் தகவல் அளவு, இழப்பு விகிதம், தாமதம் ஆகியவற்றை எண்ணால் குறிப்பிட வேண்டும். ஏற்புச் சோதனை குறைந்தது ஏழு நாட்கள் இடையறாது நடத்தப்பட வேண்டும். தொகையின் ஒரு பகுதியை முதல் பருவமழை கடந்த பின்னரே வழங்கலாம். கணக்கிட்ட சமிக்ஞை அளவும் நிறுவிய நாளன்று அளந்த அளவும் கோப்பில் இருக்க வேண்டும். பின்னாளில் ஏற்படும் தேய்மானத்தைக் காட்டுவது அந்த ஒப்பீடே. இணைப்பு சேவைக்கு வந்த பின்னும் கருவிகள் தாமாகவே இடையறாது அளவுகளைப் பதிவு செய்யட்டும். அப்பதிவைப் படிப்பதற்கு ஓர் அலுவலர் பொறுப்பேற்கட்டும். படிக்கப்படாத பதிவால் பயனில்லை.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகுதியன்று, வேண்டுவது பொறுமையே. தொலைவில் உள்ள சிற்றூர் மையத்தில் கண் பார்வை மங்கிய ஒரு முதியவர் மருத்துவரின் சொல்லுக்காகக் காத்திருக்கிறார். வெள்ளம் சூழ்ந்த நகரில் மருத்துவமனை ஒன்று அடுத்த மருத்துவமனையிடம் படுக்கை உண்டா என்று கேட்கிறது. அந்த நேரத்தில் இணைப்பு கொடுக்கும் விடையே உண்மையான சோதனை முடிவு. அந்த விடையை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டுமாயின், இணைப்பை அதன் நல்ல நேரத்தில் பாராட்டுவதை விடுத்து, அதன் மோசமான நேரத்தைத் தேடிச் சென்று அளக்க வேண்டும்.